தொலைவைக் காக்கும் லென்ஸ்



சூளகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஓசூர் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறான். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் படம் பிடிப்பதில் அவனுக்குப் பெருவிருப்பம். கேமரா ஒன்று முன்பே வைத்திருக்கிறான். நீளமான டெலி லென்ஸ் ஒன்றும் வாங்கிவிட வேண்டுமென்று ஓராண்டாக ஊதியத்தில் மிச்சம் பிடித்து வருகிறானாம். அச்சகோதரி இரண்டு வினாக்கள் எழுப்புகிறார். ஒரு கண்ணாடிக் குழாய்க்கு இவ்வளவு பணம் கொடுப்பது வீண் விரயம் ஆகாதா? அதை எடுத்துக்கொண்டு யானைக்கு அருகில் போய் ஆபத்தில் சிக்கிக் கொள்வானோ?

முதல் வினா பணத்தைப் பற்றியது; இரண்டாவது உயிரைப் பற்றியது. ஆயினும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த லென்ஸ் எதற்காகப் படைக்கப்பட்டது என்பதை விளங்கிக் கொண்டால், எதை வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது, எங்கே நின்று பயன்படுத்துவது என்பவையெல்லாம் தாமே தெளிவாகிவிடும்.

நம் எல்லைப் பகுதியின் இயல்பை முதலில் நினைவிற்கொள்வோம். லாரிகளும் இருசக்கர வாகனங்களும் கைக்கடிகாரங்களும் உருவாகும் இதே மண்ணில்தான் யானைகளும் நடமாடுகின்றன. ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பருவத்தை ஒட்டி, கர்நாடகத்தின் பன்னேருகட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாகத் தேன்கனிக்கோட்டைப் பகுதிக்கும், ஊடேதுர்க்கம், சானமாவு காடுகளுக்கும் வருகின்றன. பேரண்டப்பள்ளிக்கு அருகே தேசிய நெடுஞ்சாலையையே அவை கடந்து செல்வதுண்டு. தெற்கே அஞ்செட்டிப் பக்கம் 2014ஆம் ஆண்டில் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022ஆம் ஆண்டில் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. சாம்பல் நிற அணில், நான்கு கொம்பு மான், நீர்நாய், முதலை ஆகியவை வாழும் காடுகள் அவை. இத்தகைய செல்வத்தை வாசலில் வைத்திருக்கும் இளைஞனுக்குப் படம் பிடிக்கும் ஆசை பிறப்பதில் வியப்பேதும் இல்லை.

யானை வந்துவிட்டது என்ற செய்தி பரவியதும் என்ன நடக்கிறது? இருசக்கர வாகனங்களில் இளைஞர்கள் விரைகின்றனர். அனைவர் கையிலும் கைபேசி. அச்சகோதரியின் அச்சம் இங்கேதான் பொருள் பெறுகிறது. எனவே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் கைபேசியின் முதன்மைக் கேமரா அகன்ற காட்சியைக் காட்டும் வகையைச் சேர்ந்தது. தோள் உயரம் 2.7 மீட்டர் உள்ள ஓர் ஆண் யானை, அந்தப் படத்தின் உயரத்தில் பாதியை நிரப்ப வேண்டுமென்றால், படம் எடுப்பவர் ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். அதே யானையை, சிறிய சென்சார் உள்ள சாதாரண கேமராவில் 300 மி.மீ. லென்ஸைப் பொருத்தி எடுத்தால், 100 மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டே அதே அளவில் எடுத்துவிடலாம். 2003ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான அளவீட்டின்படி, ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை செல்லக்கூடியது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். கைபேசியோடு நிற்பவரை அது அடைய ஒரு நொடி போதும். லென்ஸோடு நிற்பவரை அடைய 15 நொடி வேண்டும். அவர் சாலையோரத்தில் வாகனத்தின் அருகே நின்றால், அந்த 15 நொடி ஓர் உயிரின் விலையாகும்.

நீண்ட லென்ஸின் முதல் பயன் இதுவே. அருகில் செல்ல வேண்டிய தேவையை அது நீக்குகிறது. லென்ஸை வாங்கிய பின்னரும் ஒருவன் முன்னே அடியெடுத்து வைத்துக் கொண்டே இருப்பானாயின், அவன் கொடுத்த பணம் முழுவதும் விரயம்தான். தொலைவைக் காப்பதற்கு அதைப் பயன்படுத்துவானாயின் அது விரயமாகாது.

இனி எந்த லென்ஸ் என்ற வினாவுக்கு வருவோம்.

லென்ஸின் மீது பொறிக்கப்பட்டிருக்கும் மி.மீ. என்ற எண் அதன் குவியத் தூரம். பள்ளியில் இயற்பியல் பாடத்தில் படித்த அதே குவியத் தூரம்தான். அது இரு மடங்கானால், ஒரே இடத்தில் நின்று எடுக்கும் பொருளின் உருவமும் இரு மடங்காகும். 50 மி.மீ. லென்ஸில் தெரியும் மானை விட 400 மி.மீ. லென்ஸில் தெரியும் மான் எட்டு மடங்கு பெரிது. கணக்கு இவ்வளவுதான்.

பலர் நினைப்பதற்கு மாறாக, பெரிய விலங்குக்குப் பெரிய லென்ஸ் தேவையில்லை. யானைக்கு 200 முதல் 300 மி.மீ. வரை போதும். 60 மீட்டரில் நிற்கும் புள்ளிமானுக்கு 400 மி.மீ. நன்று, படத்தின் உயரத்தில் ஐந்தில் இரு பங்கை அது நிரப்பும். மிக நீண்ட லென்ஸைக் கேட்பவை சின்னஞ்சிறு பறவைகளே. கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தின் கரையில் 15 மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கும் சிறு மீன்கொத்தி, 400 மி.மீ. லென்ஸில் படத்தின் உயரத்தில் கால் பங்கே இருக்கும்; 600 மி.மீ. லென்ஸில்தான் ஐந்தில் இரு பங்காகும். ஆகவே வாங்குவதற்கு முன் மகனிடம் கேட்க வேண்டிய முதல் வினா, 'நீ பெரும்பாலும் எதைப் படம் எடுக்கப் போகிறாய்?' என்பதே. விலங்கு என்றால் 70-300 அல்லது 100-400 மி.மீ. வகை போதுமானது. பறவை என்றால் மட்டுமே 500, 600 என்ற எண்களை நோக்கிப் போக வேண்டும்.

இரண்டாவது எண், ஒளியைப் பற்றியது. 965ஆம் ஆண்டில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில், கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி உண்டாவதில்லை என்றும், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை வந்தடைவதே காட்சி என்றும் நிறுவினார். கேமராவும் அந்த ஒளியைத்தான் நம்பியிருக்கிறது. எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்பதை லென்ஸின் மீதுள்ள 'எஃப்' எண் சொல்லும். எண் சிறிதாயின் ஒளி மிகுதி. 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ், அதே நீளமுள்ள எஃப் 6.3 லென்ஸை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை ஏற்கும்.

காட்டுயிர்கள் வெளியே வருவது பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர் வட்டாரத்தில் மார்கழி மாதத்து மூடுபனி வேறு. எனவே சிறிய 'எஃப்' எண்ணுக்கு மதிப்பு மிகுதி. ஆனால் அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியவை பணமும் எடையும். 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் முன் கண்ணாடி குறைந்தது 15 சென்டிமீட்டர் அகலம் இருந்தாக வேண்டும். 600ஐ 4ஆல் வகுத்தால் வருவது அது. 2018ஆம் ஆண்டில் கேனான் நிறுவனம் எடையைப் பெரிதும் குறைத்து வெளியிட்ட அவ்வகை லென்ஸே 3 கிலோவுக்குச் சற்று மேல். விலையோ பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டும். தொழில் செய்வோருக்கும் பெருஞ்செல்வர்க்கும் உரியது அது. மாத ஊதியக்காரருடைய பட்டியலில் அதற்கு இடமில்லை. இல்லாமற்போவதில் குறையும் இல்லை.

நடுத்தரக் குடும்பத்து இளைஞனுக்கு எட்டக்கூடியவை மூன்று வகை.

முதலாவது, 70-300 மி.மீ. லென்ஸ். எடை குறைவு, விலையும் குறைவு. யானை, மான், குரங்கு, காட்டுப்பன்றி ஆகியவற்றுக்கும், நீர்க்காகம், நாரை போன்ற பெரிய பறவைகளுக்கும் ஏற்றது. ஆர்வம் நிலைக்குமா என்று அறிய முதல் ஓரிரு ஆண்டுகளை இதோடு கழிப்பது அறிவுடைமை.

இரண்டாவது, நீளம் மாறாத 400 மி.மீ. லென்ஸ். 1993ஆம் ஆண்டில் கேனான் வெளியிட்ட 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எடை 1,250 கிராம்தான். கைந்நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு அதில் கிடையாது. ஆயினும் பறக்கும் பறவைகளை எடுப்போர் பல்லாண்டுகளாக அதை விரும்பி வந்திருக்கின்றனர். இன்று பயன்படுத்திய நிலையில்தான் அதைத் தேட வேண்டும்.

மூன்றாவது, 150-600 மி.மீ. அல்லது 200-500 மி.மீ. நீள்வரம்பு கொண்ட ஜூம் லென்ஸ்கள். 2013ஆம் ஆண்டின் இறுதியில் டாம்ரான் நிறுவனம் கொண்டுவந்த 150-600 மி.மீ. லென்ஸ், அந்நாள் வரை செல்வந்தர்க்கே உரியதாக இருந்த 600 மி.மீ. நீளத்தைச் சாதாரண மக்களுக்கும் எட்டச் செய்தது. அதைத் தொடர்ந்து சிக்மா, 2015இல் நிக்கானின் 200-500, 2019இல் சோனியின் 200-600 எனப் பல வந்தன. எடை பெரும்பாலும் 2 கிலோ அளவில் இருக்கும். விலை ஓர் இலட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். பறவை ஆர்வலர்க்கு நியாயமான தேர்வு இதுதான். ஆனால் இரண்டு கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் நடக்க முடியுமா என்பதைக் கடையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்த்து முடிவு செய்ய இயலாது.

ஆகையால் வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உள்ளன. ஒரு வெள்ளி இரவு எடுத்து ஞாயிறு மாலை திருப்பிக் கொடுத்தால், ஓராண்டுச் சேமிப்பை எதில் போடுவது என்பது ஐயமறத் தெரிந்துவிடும்.

விற்பனையாளர்கள் சொல்லும் சில கவர்ச்சிகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும்.

'கன்வெர்ட்டர் மாட்டினால் 300 மி.மீ. 600 ஆகிவிடும்' என்பார்கள். உண்மைதான், ஆனால் இரு மடங்காக்கும் கன்வெர்ட்டர் ஒளியை நான்கில் ஒன்றாகக் குறைக்கும். மலிவான ஜூம் லென்ஸில் அதை மாட்டினால் படத்தின் தெளிவும் கெடும்; தானியங்கிக் குவிப்பும் பல கேமராக்களில் தடுமாறும். கன்வெர்ட்டர் நல்ல லென்ஸுக்கு உரிய துணை.

'நடுக்கத் தணிப்பு இருக்கிறது, கவலை வேண்டாம்' என்பார்கள். 1995ஆம் ஆண்டில் கேனான் முதன்முதலில் 75-300 மி.மீ. லென்ஸில் கொண்டுவந்த இவ்வமைப்பு, இன்று பலவற்றிலும் வந்துவிட்டது. அது எடுப்பவரின் கைந்நடுக்கத்தைத் தணிக்கும்; துள்ளி ஓடும் மானை நிறுத்தாது. நீளத்தின் எண்ணை விட ஷட்டர் வேகத்தின் எண் குறையக்கூடாது என்பது பழைய விதி. சிறிய சென்சார் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் என்றால், ஏறத்தாழ ஒரு நொடியின் 600இல் ஒரு பங்கு. ஓடுவதற்கும் பறப்பதற்கும் அதைவிட விரைவு தேவை. மோனோபாட் என்னும் ஒற்றைக் கால் தாங்கி ஒன்றை வாங்கிக் கொள்வது, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அடுத்த லென்ஸுக்குத் தாவுவதை விடப் பயன் தரும்.

நீளம் கூடக் கூட எல்லாம் அருகில் வந்துவிடும் என்ற எண்ணமும் முழு உண்மையன்று. கோடை நண்பகலில் கிருஷ்ணகிரி அணையின் கரையில் நின்று 200 மீட்டருக்கு அப்பாலுள்ள பறவையை எடுத்துப் பாருங்கள். சூடேறிய காற்று அலையலையாக எழுந்து படத்தைக் குழப்பிவிடும். இரண்டாயிரம் ரூபாய் லென்ஸாயினும் பத்து இலட்சம் ரூபாய் லென்ஸாயினும் கானலுக்கு முன் ஒன்றே. அதற்கு மருந்து அதிகாலையில் எழுவதுதான். பஜ்ர் தொழுகைக்கு எழும் வீட்டில் அது கடினமும் அன்று.

பயன்படுத்திய லென்ஸ் வாங்குவோர், முன் கண்ணாடியில் உள்ள சிறு கீறலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே சிலந்தி வலை போல் படர்ந்திருக்கும் பூஞ்சைதான் பகை. பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் செலுத்திப் பார்த்தால் தெரியும். ஜூம் வளையத்தைத் திருகும்போது மணல் நெரிபடும் ஓசை கேட்டால் விட்டுவிட வேண்டும். வாங்கிய பின், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். தோல் உறையில் மாதக்கணக்கில் மூடி வைப்பதே பூஞ்சைக்கு விருந்து.

பணத்தைப் பற்றி ஒரு சொல். கடைகளில் 'எளிய தவணை' என்று நீட்டப்படும் தாளை முழுவதும் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அதனுள் வட்டி இருக்குமாயின், ஒரு பொழுதுபோக்குக்காக அதைத் தலையில் ஏற்றிக்கொள்வதை எந்தப் பெற்றோரும் விரும்பமாட்டார்கள். அச்சகோதரியின் மகன் ஓராண்டாகச் சேமித்தே வாங்க எண்ணுவது பாராட்டுக்குரிய பண்பு. சேமிப்பு முழுவதையும் லென்ஸில் கரைக்காமல், அதில் பாதிக்குள் அடங்கும் லென்ஸைத் தேர்வது இன்னும் நன்று.

இனி ஒழுங்கைப் பற்றி. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் படம் எடுக்க, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி உரிமம் பெற வேண்டும். அச்சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தந்துள்ள விளக்கத்தைப் பலர் அறியார். கொல்வது மட்டுமன்றி, விலங்கை விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும் அதனுள் அடங்கும். பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி ஏந்தாத கையும் வேட்டைக்காரனின் கையாகிவிடக் கூடும். யானையைத் திரும்பிப் பார்க்க வைக்கக் கூச்சலிடுவோரும் கல் எறிவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று துன்புறுத்தப்பட்ட யானையை அன்றிரவு சந்திப்பவர், காவலுக்குப் பரண் மீது படுத்திருக்கும் ஏழை உழவரே.

பயணமொன்றில் தோழர்கள் சிறு பறவையொன்றின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு பணித்தார்கள் என்ற செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. கூட்டின் அருகே மணிக்கணக்கில் நின்று, தாய்ப்பறவையை இரையோடு வெளியே காத்திருக்க வைக்கும் படக்காரருக்கு இதைவிடத் தெளிவான அறிவுரை வேண்டுமோ? கூட்டைக் கண்டால் படமின்றித் திரும்புவதே நல்லது. அரிய பறவை தங்கும் இடத்தை இணையத்தில் ஊர்ப்பெயரோடு வெளியிடாதிருப்பதும் அதே அறத்தில் சேரும்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டிய மா. கிருஷ்ணன் அவர்களைப் பற்றி இளைஞர்கள் அறிய வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். 1970ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்து உருவாக்கிய கனத்த கேமராவைச் சுமந்து திரிந்து, கறுப்பு வெள்ளையிலேயே படங்கள் எடுத்தார். இன்று இருபதாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வசதிகளில் பல அவரிடம் இல்லை. விலங்கின் இயல்பைப் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கிய அறிவு இருந்தது. அதனாலேயே அந்தப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. யானை காதை எப்போது விரிக்கும், துதிக்கையை எப்போது சுருட்டும் என்பதை எந்த லென்ஸும் கற்றுத் தராது.

எனவே அச்சகோதரிக்கும், அவரைப் போன்ற பெற்றோர்க்கும் நாம் கூறுவது இதுதான். மகனின் விருப்பத்தைத் தடுக்க வேண்டாம். விடுமுறை நாளை வீணான இடங்களில் கழிப்பதினும், படைப்பின் அழகைப் பொறுமையாக நோக்கிக் கழிப்பது மேலானது. அவனுடன் அமர்ந்து மூன்று உடன்பாடுகளைச் செய்து கொள்ளுங்கள். முதலில் வாடகை, பிறகே விலை. வட்டியில்லாத பணம் மட்டும். யானை வந்த செய்தி கேட்டால், வனத்துறையினர் நிற்கச் சொல்லும் கோட்டைத் தாண்டி ஓர் அடியும் இல்லை. லென்ஸ் எவ்வளவு நீளமாயினும் அக்கோடு மாறாது.

இம்மூன்றையும் அவன் ஏற்றுக்கொண்டால், அந்த லென்ஸ் வீட்டுக்கு வரட்டும். ஏற்க மறுத்தால், சேமிப்பு இன்னும் ஓராண்டு அப்படியே இருக்கட்டும்.